பம்ப் புனலைப் பிடித்துக்கொள்ளும் பிரா: இரண்டு ஓட்டை போட்டால் போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். தங்கைக்குக் குழந்தை பிறந்து சில மாதம் ஆகிறது, வேலைக்குத் திரும்பப் போகிறார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பால் எடுக்கும் பம்ப் இருக்கிறது. ஆனால் இரண்டு கையாலும் இரண்டு பாட்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தைக்கத் தெரியும் என்பதால் பழைய ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றில் இரண்டு வட்டம் வெட்டிக் கொடுத்தீர்கள். முதல் நாள் நன்றாக நின்றது. நான்காம் நாள், மார்பில் பொருத்தும் புனல் முன்பக்கமாகச் சாய்ந்து, எடுத்த பால் உள்ளுக்குள்ளேயே ஒழுகிவிட்டது. இன்னும் இறுக்கமான பிராவில் ஓட்டை போட்டால் சரியாகுமா, நன்றாக வந்தால் விற்பனைக்கும் தைக்கலாமா என்று கேட்கிறீர்கள். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று கேட்பதுபோல் இருந்தாலும், இந்த உடுப்பு எதைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் உள்ளாடைக்குப் பேட்டர்ன் வெட்டுகிறவள். பதினாறு வருடமாக இதுதான் தொழில், அதில் பாதிக்கு மேல் தாய்மார்களுக்கான பிராதான். என் இரண்டு பிள்ளைகளுக்கும் பம்ப் போட்டுப் பால் எடுத்திருக்கிறேன். துணி, தையல், பிடிப்பு பற்றி நான் சொல்வதை நம்பலாம். உடம்பைப் பற்றிச் சொல்வது, கூடவே வேலை செய்த தாய்ப்பால் ஆலோசகர்களிடம் கேட்டதும் படித்ததும். வலி, காய்ச்சல், மார்பில் சிவந்த கட்டி என்று ஏதாவது வந்தால் என் பதிலை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

துணியைக் கையில் எடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். புனலின் அளவு தங்கைக்குச் சரியாக இருக்கிறதா? பம்ப் பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் குழல் (காம்பு உள்ளே போகும் பகுதி) உள்ள புனல் வரும், சிலவற்றில் 21, 27, 28 என்று இருக்கும். காம்பின் அடிப்பக்க விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான குழலை எடுக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதில் ஆலோசகர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. முன்பு 3, 4 மில்லிமீட்டர் என்பார்கள், இப்போது பலர் அதைவிடச் சிறியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் நிறைய உள்ளே இழுபட்டால் குழல் பெரிது, காம்பு பக்கச் சுவரில் உரசினால் சிறிது. புனல் அளவு தவறாக இருந்தால் எவ்வளவு நல்ல பிரா தைத்தாலும் காற்று கசியும். பழி கடைசியில் தையல்காரர் தலையில் விழும். எனக்கு விழுந்திருக்கிறது.

சரி, இப்போது பிடிப்புக்கு வருவோம். பம்ப் ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருப்பதில்லை. இழுக்கும், விடும். பால் சுரப்பைத் தூண்டும் கட்டத்தில் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேலும், பால் இறங்கத் தொடங்கியபின் 50, 60 தடவையும் இது நடக்கும். உச்ச இழுப்பு பல பம்புகளில் 250 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டி இருக்கும். அந்தக் கணத்தில் புனல் தானாகவே தோலில் ஒட்டிக்கொள்ளும், அப்போது யாரும் பிடிக்க வேண்டியதில்லை. இழுப்பை விடுகிற அரை நொடியில்தான் சிக்கல். அந்த இடைவெளியில் பாட்டிலின் எடை புனலைக் கீழே இழுக்கிறது. மேல் விளிம்பு தோலை விட்டு ஒரு நூல் அளவு விலகுகிறது, காற்று புகுகிறது, அடுத்த இழுப்பு பலவீனமாகிறது. நிமிடத்துக்கு ஐம்பது தடவை இது நடந்தால் பத்து நிமிடத்தில் புனல் எங்கேயோ போயிருக்கும்.

அந்த எடை எவ்வளவு என்று ஒரு தடவை சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். புனல், இணைப்பு, காலி பாட்டில் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 90 கிராம் சொச்சம். தாய்ப்பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 1.03 கிராம். 120 மில்லி சேர்ந்தால் மொத்தம் 215 கிராம் ஆகிவிடும். இந்த எடை மார்போடு ஒட்டி இல்லை, ஆறு சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. புனலின் விளிம்பு குறுக்கே ஆறரை சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி, மேல் விளிம்பு விலகாமல் இருக்க அதை உள்நோக்கி அழுத்த வேண்டிய விசை சுமார் 200 கிராம். அதாவது ஒரு கைப்பேசியின் எடை, அவ்வளவுதான். கூடவே அந்த 215 கிராமை யாராவது மேலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும்.

உங்கள் ஸ்போர்ட்ஸ் பிரா செய்த தப்பு இங்கேதான் இருக்கிறது. ஓடும்போது மார்பு குலுங்காமல் இருக்கத் தைத்த உடுப்பு அது. மார்பு முழுவதையும் நெஞ்சோடு சேர்த்து அழுத்தும். நமக்குத் தேவையான 200 கிராம் விசை மேல் விளிம்பில் ஒரே இடத்தில் வேண்டும். ஸ்போர்ட்ஸ் பிரா அதைவிடப் பல மடங்கைத் தேவையில்லாத இடத்தில் எல்லாம் கொடுக்கிறது. கொடுத்தும், ஓட்டையின் மேல் ஓரத்தில் வெட்டுப்பட்ட துணி தளர்ந்து கிடப்பதால் பாட்டிலைத் தூக்க ஆள் இல்லை. இன்னும் இறுக்கமான பிரா எடுத்தால் தங்கைக்கு மூச்சு முட்டும், பாட்டில் அப்போதும் சாயும்.

ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தைப்பவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். நீட்சியுள்ள பனியன் துணியில் மேசைமேல் வைத்து 28 மில்லிமீட்டர் வட்டம் வெட்டுகிறீர்கள். அதைப் போட்டுக்கொண்டதும் துணி பக்கவாட்டில் இழுபடுகிறது, வட்டம் அகன்ற முட்டை வடிவமாகிறது. மேலும் கீழும் புனலின் கழுத்தைப் பிடித்திருக்கும், இடமும் வலமும் இடைவெளி விட்டிருக்கும். நாலு தடவை துவைத்தபின் ஓரம் சுருண்டு இன்னும் அகலமாகிவிடும். உங்களுக்கு நான்காம் நாள் ஆனது இதுதான் என்று நினைக்கிறேன். வட்டமாகத்தான் வேண்டும் என்றால் மேசைமேல் அதை நெட்டுக்குத்தான முட்டை வடிவில் வெட்டுங்கள், போட்டதும் வட்டமாகும். ஓரத்தை வெறுமனே விடாமல் மெல்லிய எலாஸ்டிக் பைப்பிங் கொடுங்கள்.

பிளவாக வெட்டினால் திசை முக்கியம். சட்டையில் காஜா எடுக்கும்போது யோசித்திருப்பீர்கள்: இழுவிசை எந்தத் திசையில் வருகிறதோ அதே திசையில் காஜா இருந்தால் மூடியே இருக்கும், குறுக்கே இருந்தால் வாயைப் பிளக்கும். பிராவில் இழுவிசை பெரும்பாலும் பக்கவாட்டில். ஆகவே நெட்டுக்குத்தான பிளவு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், கிடைப்பிளவு மூடியிருக்கும். ஆனால் கிடைப்பிளவின் கீழுதடு பாட்டில் எடையில் தொங்கிப் போகும். இரண்டையும் சமாளிக்க நான் இப்போது செய்வது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு பட்டிகள். அக்குள் பக்கத்திலிருந்து ஒரு பட்டி, நடுமார்புப் பக்கத்திலிருந்து ஒரு பட்டி, காம்பு இருக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏறியிருக்கும். ஏறிய ஓரம் இரண்டுக்கும் 10 மில்லிமீட்டர் எலாஸ்டிக், ஓரத்தின் நீளத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக வெட்டி இழுத்துத் தைத்தது. சும்மா இருக்கும்போது மார்பு முழுக்க மூடியிருக்கும். பம்ப் போடும்போது இரண்டு பட்டிக்கும் நடுவே புனலை நுழைத்தால் கழுத்தை இரண்டு பக்கமிருந்தும் கவ்விக்கொள்ளும்.

அந்த வாயின் நீளம் எவ்வளவு? புனல் விளிம்பு ஆறரை, ஏழு சென்டிமீட்டர் விட்டம் என்பதால் பத்து சென்டிமீட்டர் திறப்பு வேண்டும் என்று முதலில் தோன்றும். வேண்டாம். பட்டனைக் காஜாவுக்குள் நுழைப்பதுபோல் புனலைச் சாய்த்து ஒரு ஓரத்தை முதலில் உள்ளே விட்டுத் திருப்பினால் ஏழு சென்டிமீட்டர் போதும், துணியின் நீட்சி மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேல்முனையிலும் கீழ்முனையிலும் பலமாக முட்டுத்தையல் போடுங்கள். பனியன் துணி கிழிய ஆரம்பித்தால் அங்கிருந்துதான் கிழியும்.

அடுத்தது என் பார்வையில் இந்த உடுப்பின் உயிர்நாடி, ஆனால் கடைப் பிராக்களில் பாதியில் இது இருப்பதில்லை. தோள்பட்டி பிராவைச் சேரும் இடத்திலிருந்து திறப்பின் மேல்முனை வரைக்கும், உள்பக்கத்தில், நீளாத நாடா ஒன்று ஓட வேண்டும். 12 முதல் 15 மில்லிமீட்டர் அகலம் போதும், மென்மையான பருத்தி நாடாவோ நீட்சியில்லாத மெல்லிய துணியோ எதுவானாலும் சரி. பாட்டிலின் எடை புனலின் கழுத்து வழியாக இந்த நாடாவுக்கு வந்து, அங்கிருந்து தோளுக்குப் போகிறது. நாடா இல்லாவிட்டால் எடை முழுவதையும் நீளும் துணி தாங்க வேண்டும். பாட்டில் நிரம்ப நிரம்ப அது நீண்டு, புனல் மூக்கைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். தோள்பட்டியே இல்லாமல் மார்பைச் சுற்றி ஜிப் போட்டு மாட்டுகிற வகை ஒன்று உண்டு. மாட்டக் கழற்ற வேகமானது, ஏற்கெனவே போட்ட பிராவைக் கழற்றாமலே அதன்மேல் அணியலாம் என்பதால் பலருக்குப் பிடிக்கும். உட்கார்ந்த இடத்தில் கொஞ்சமாகப் பால் எடுப்பவர்களுக்கு அது போதும். எடை கூடும்போது மொத்த உடுப்பும் கீழே சரியும் என்பதால், எழுந்து நடமாட வேண்டியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

திறப்பை எங்கே வைப்பது என்பதை அளவு அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பால் கொடுக்கும் காலத்தில் காம்பு கப்பின் நடுவில் இருப்பதில்லை, பெரும்பாலும் கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கும் என்றும் கிடையாது. நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். மெல்லிய, அழுத்தாத பழைய பிரா ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்வேன், பால் எடுக்க வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பு, மார்பு நிறைந்திருக்கும்போது. கண்ணாடி முன் நேராக நின்று, அவரையே தையல் சாக்கட்டியால் காம்பு படும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்வேன். பிறகு பால் எடுத்துவிட்டு வந்து, அதே பிரா, அதே நிலை, வேறு நிறச் சாக்கட்டி, இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும், சிலருக்கு ஒன்றரை, அதுவும் கீழ்நோக்கி. திறப்பின் நடு அந்த இரண்டு புள்ளிக்கும் இடையில் விழ வேண்டும். ஒருவருக்கு வலப்பக்கத் திறப்பை இடப்பக்கத்தைவிட ஒரு விரல் தாழ்த்தி வைத்தேன். மேசைமேல் விரித்துப் பார்த்தால் கோணல்மாணலாகத் தைத்ததுபோல் இருந்தது, போட்டதும் நேராக நின்றது.

இறுக்கத்தைப் பற்றி மருத்துவம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். உறுதியாகத் தெரிந்த ஒன்று: 2005இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று பால் சுரக்கும் மார்பை அல்ட்ராசவுண்டில் பார்த்து வெளியிட்ட ஆய்வில், பால் நாளங்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன, லேசாக அழுத்தினாலே நசுங்கிவிடுகின்றன என்று கண்டார்கள். காம்பில் திறக்கும் முக்கிய நாளங்கள் சராசரியாக ஒன்பதுதான். பழைய படங்களில் இருபது வரை வரைந்திருப்பார்கள். ஆகவே புனலைச் சுற்றி எலாஸ்டிக் ஓரமோ தடித்த தையலோ அழுத்திக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்துப் பால் சரியாக இறங்காது என்று எதிர்பார்ப்பது நியாயமானது. கருவட்டத்தின் மேல் எந்த ஓரமும் உட்காரக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன்.

சந்தேகத்துக்குரியது இன்னொன்று. இறுக்கமான பிரா போட்டால் பால் கட்டி மார்பக அழற்சி வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு நேரடியான, வலுவான ஆதாரம் குறைவு. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு 2022இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல், பால் ஓரிடத்தில் அடைத்துக்கொள்வதால்தான் எல்லாம் என்ற பழைய விளக்கத்தை விட்டுவிட்டு, வீக்கத்தால் நாளங்கள் குறுகுவதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. நன்றாகத் தாங்கும் பிராவை அணியச் சொல்கிறது, ஆழமாக அழுத்திப் பிசையக் கூடாது என்கிறது. தாங்குவது வேறு, நசுக்குவது வேறு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். என் கைக்கணக்கு ஒன்று உண்டு, இது ஆய்வு அல்ல: இருபது நிமிடம் போட்டுக் கழற்றியதும் தோலில் தடம் இருக்கத்தான் செய்யும், அது அரைமணி நேரத்துக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால் தளர்த்துங்கள்.

கை ஓய்வாக இருக்கிறதே என்று அந்தக் கையை முழுக்க வேறு வேலைக்கு அனுப்பிவிடவும் வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜேன் மார்ட்டன் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவும் குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், பம்ப் ஓடும்போதே கையால் மார்பை மெல்ல அழுத்திவிட்டும், கையால் பீச்சியும் எடுத்தவர்களுக்குப் பால் கூடியது. உடுப்பு வடிவமைப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கழுத்துவரை மூடிய, கெட்டியான கவசம்போல் தைத்தால் கை உள்ளே போகாது. மேல்பக்கமும் அக்குள் பக்கமும் துணி மெல்லிசாக, ஒரே அடுக்காக இருந்தால் வெளியிலிருந்தே தடவிவிடலாம். உறுதியெல்லாம் திறப்பைச் சுற்றியும் அடிப்பட்டியிலும் இருந்தால் போதும். மெல்ல என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், மேலே சொன்ன 2022 வழிகாட்டுதலின் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

துணிக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. தோலில் படும் அடுக்குக்கு பருத்தியோடு 5 முதல் 8 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் (ரப்பர்போல் நீளும் இழை) கலந்த பனியன் துணி, 180 முதல் 220 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம். திறப்புப் பட்டிகளுக்கு நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த உறுதியான வலைத்துணி, ஏனென்றால் பருத்தி மட்டும் இருந்தால் நனைந்ததும் தொய்ந்துவிடும். மூங்கில் துணி, வெள்ளி இழை, கிருமி அண்டாத பூச்சு என்றெல்லாம் வியாபாரிகள் காட்டுவார்கள். மூங்கில் துணி என்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ்தான், மென்மையாக இருக்கும், அதற்காக வாங்கலாம். கிருமி விஷயத்தில் துவைப்பதை நம்புங்கள். பால் பட்ட துணியை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசச் சொல்லுங்கள், எடுத்த எடுப்பில் கொதிநீரில் போட்டால் புரதம் இறுகிக் கறை தங்கிவிடும். குளோரின் பிளீச் ஸ்பான்டெக்ஸுக்கு எமன். வெளிர்சாம்பல் நிறத்தில் மட்டும் தைக்காதீர்கள். ஒரு துளி நனைந்தாலும் அந்த நிறம் ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

அடிப்பட்டிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக, நான்கு அல்லது ஐந்து வரிசை ஹூக் வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு விலா எலும்புக்கூடு பழைய அளவுக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். இன்று சரியாக இருப்பது அடுத்த மாதம் தளர்ந்துவிடும். உங்கள் தங்கை வேலை செய்யும் இடத்தில் பம்ப் போடப் போகிறார் என்பதால் தனியாக மாட்டிக் கழற்றும் வகையைவிட, நாள் முழுக்கப் போட்டிருக்கக்கூடிய இரண்டடுக்கு வகையே நல்லது: வெளியே கிளிப்பைத் தட்டினால் கீழே இறங்கும் நர்சிங் கப், உள்ளே நான் சொன்ன ஏறுபட்டிகள். கிளிப்பை ஒரு கையால், பார்க்காமல் திறக்க முடிகிறதா என்று சோதியுங்கள். பிறந்த புதிதில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்கு மேல் பால் எடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம் மாட்டவும் கழற்றவும் ஆனால் அதிலேயே அரைமணி நேரம் போய்விடும். இந்தக் கணக்கைப் போடாமல்தான் என் முதல் மாதிரிக்கு அழகாகப் பன்னிரண்டு பட்டன் வைத்தேன்.

குழாயும் பாட்டிலும் இல்லாமல் பிராவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பம்புகள் 2017, 2018 வாக்கில் கடைக்கு வந்தன. இப்போது பலரிடம் இருக்கின்றன. அவற்றுக்கு ஓட்டையே வேண்டாம், ஆனால் வேறு கணக்கு. மோட்டாரும் உள்ளேயே இருப்பதால் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 200 கிராமுக்கு மேல், அதில் பாலும் சேரும். கருவி பிராவின் கப்பை ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னால் தள்ளும் என்பதால் சாதாரண பிராவில் வைத்தால் கருவி மார்பை நசுக்கும், மார்புச் சதை குழலுக்குள் திணிக்கப்பட்டுப் பால் நின்றுவிடும். தளர்வாக வைத்தால் கசியும். கப்பின் ஆழத்தை மட்டும் கூட்டி, அடிப்பட்டியை அப்படியே விட்டு, கீழே தொட்டில்போல் நீட்சி குறைந்த துணி வைத்தால் சரியாக வருகிறது. குனிந்தால் சில மாடல்களில் சிந்தும். அதைத் தையலால் தீர்க்க முடியாது.

சோதிப்பதற்குப் பொம்மையில் மாட்டிப் பார்க்காதீர்கள், பொம்மை நசுங்காது. பம்பின் இரண்டு பாட்டிலிலும் 150 மில்லி தண்ணீர் ஊற்றி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பம்பை ஓட்ட வேண்டாம், எடை தெரிந்தால் போதும். புனல் விளிம்பைச் சுற்றித் தோலில் பேனாவால் நான்கு புள்ளி வைத்துவிட்டு நடங்கள், உட்காருங்கள், தரையில் விழுந்ததை எடுங்கள், படி ஏறுங்கள். இருபது நிமிடம் கழித்து விளிம்பு எந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். மேலே விலகியிருந்தால் நாடா நீளம், நடுமார்புப் பக்கம் விலகியிருந்தால் திறப்பு தள்ளிப்போயிருக்கிறது. பிறகு அதை முப்பது தடவை துவைத்து மறுபடி செய்யுங்கள். நான் ஒரு மாதிரியைத் துவைக்காமலேயே தோழி ஒருத்திக்குக் கொடுத்தேன். இரண்டாவது வாரம், விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவளுக்கு எண்பது மில்லி மடியில் கொட்டியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விற்பனை பற்றிக் கேட்டீர்கள். செய்யலாம், ஆனால் ஒரு பேட்டர்னைப் பல உடம்பு அளவுகளுக்குப் பெருக்கும்போது எல்லோரும் செய்யும் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். உடம்பு அளவு கூடக்கூட கப், அடிப்பட்டி, தோள்பட்டி எல்லாம் கூடும். திறப்பின் நீளம் கூடக் கூடாது. புனல் விளிம்பு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே விட்டம்தான், திறப்பு பம்புக்கு உரியது. அளவுக்கு ஏற்ப நகர வேண்டியது அது இருக்கும் இடம்தான். பெரிய அளவுகளில் நாடாவை இன்னும் அகலமாக்குங்கள். அப்புறம் அட்டையில் பால் கூடும், கட்டி வராது என்றெல்லாம் அச்சடிக்காதீர்கள். கையை விடுவிக்கிறது என்பதைத் தாண்டி இந்த உடுப்பு எதையும் நிரூபிக்கவில்லை.

தைத்து முடிக்க உங்களுக்கு ஒரு வாரமாவது ஆகும். அதுவரை தங்கையிடம் நர்சிங் பிரா இருந்தால் இரண்டு தலைமுடி ரப்பர் பேண்டு போதும். ஒன்றைக் கப்பை மாட்டும் கிளிப்பில் சுருக்குப் போட்டு இழுத்து, எட்டுப் போல முறுக்கி, மறுமுனையைப் புனலின் கழுத்தில் மாட்டச் சொல்லுங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. நிமிர்ந்து உட்கார்ந்தால் நிற்கும். பாட்டில் பாதி நிறைந்ததும் ஒரு கையை அடியில் கொடுக்கச் சொல்லுங்கள்.